நாற்பதுக்கு முப்பத்தாறு

மார்ச் 4

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுறது.

நல்லாருக்கியாம்மா? சாப்பாடு நேரத்துக்குக் கெடைக்குதா? ஆஸ்டல்ல எட்டுப் பேருக்கு ஒரே ஃபேன்னு சொன்னியே, அந்த ஃபேன் இப்ப சுத்துதா, இல்ல நீங்க எட்டுப் பேரும்தான் அதச் சுத்தி வர்றீங்களா? தையல் மிஷின்ல விரலக் குடுத்துட்டு நின்னியே, அது ஆறிருச்சா?

நான் நல்லாருக்கேன். அடிவயித்துல அந்த உருண்டை அப்படியேதான் இருக்கு. இருமுனா வெளிய எட்டிப் பாக்குது, படுத்தா உள்ள போயிருது. கூச்ச சுபாவம். குடலிறக்கம்னு டாக்டர் சொன்னத நான் கடைக்கு வர்றவன்கிட்டயெல்லாம் சொல்லி, இப்ப ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்றான். ஆப்பரேசனுக்கு மே மாசம் பத்தாந்தேதி எழுதியாச்சு. அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் ஒரு செம்பு தண்ணி கூடத் தூக்கக் கூடாதாம். நான் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறவன், செம்புத் தண்ணிக்கே சீட்டுக் கிழிச்சாச்சு.

போன் இருக்கையில எதுக்குக் கடுதாசின்னு நெனப்ப. போன்ல நான் கத்துறேன், நீ வச்சிர்ற. கடுதாசியில கத்துனா காகிதத்துக்குத்தான் வலிக்கும். மூணாங்கிளாசோட வெளிய வந்தவன் எழுத்து, கோணலா இருந்தா தலையச் சாய்ச்சுப் படிச்சுக்க.

விசயத்துக்கு வர்றேன். நீ மனு எழுதிப் போட்டியே அந்த நிலையம், நம்ம மேஸ்திரி மாதிரி உள்ளவங்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பாத்துக்குற எடம், அங்கேருந்து நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு. வெயில்ல வந்த புள்ள, தண்ணி குடுத்தேன். கையில ஒரு அட்டை, அதுல காகிதம், அதுல நாப்பது கேள்வி.

"இவரை ஏன் எல்லாரும் மேஸ்திரிங்கிறாங்க?"ன்னுச்சு.

"பாருங்க, கையப் பின்னால கட்டிக்கிட்டு அடுத்தவன் வேல செய்யறதப் பாத்துத் தலைய ஆட்டுறான்ல. ஒரு கட்டடத்துக்கு இது போதுமேம்மா."

"வயசு?"

"முப்பத்திநாலு. உள்ளுக்குள்ள ஒரு அஞ்சு இருக்கும். என் கடைசித் தம்பி."

"பேசுவாரா?"

"பேசுவான். ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை. சிக்கனக்காரன்."

பொண்ணு சிரிச்சுருச்சு. எனக்கு அப்பவே தெம்பு வந்துருச்சு. ஏன்னா பாப்பா, நான் சும்மா இருக்கல. இன்ன இன்ன கேப்போம்னு அந்தப் பொண்ணு முன்னாடியே போன்ல சொல்லியிருந்துச்சு. பத்து நாளு மதியத்துக்கு மேல கடையச் சாத்திட்டு மேஸ்திரிக்குப் பாடம் நடத்தினேன். சட்டைப் பட்டன் போடறது, டீ போடறது, எதுத்த கடையில போயி சோப்பு கேக்கறது. அவன் ஒரு காரியத்த முடிச்சதும் அடுத்தது என்னன்னு நிப்பான்ல. நான் பெஞ்சுல ஸ்பானரால ஒரு தட்டு தட்டுவேன், அடுத்ததச் செய்வான். சைக்கிள் கடையில தட்டுற சத்தம் யாருக்கு வித்தியாசமாத் தெரியும்? பொண்ணு எழுதிக்கிட்டே இருக்கு, நான் தட்டிக்கிட்டே இருக்கேன், அவன் செஞ்சுக்கிட்டே இருக்கான். சில கேள்விக்கு அது வாயத் தொறக்கறதுக்குள்ள நானே "தெரியும்"னுட்டேன்.

கடிகாரம் பாக்க, சில்லறை எண்ண, வலிச்சா சொல்ல, ரோட்டத் தாண்ட, இந்த நாலு மட்டும் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டேன். மிச்சம் பூரா பாஸு. நாப்பதுக்கு முப்பத்தாறு. நம்ம குடும்பத்துல எவன் வாங்கியிருக்கான் இந்த மார்க்கு? பொண்ணு போனதும் மேஸ்திரிய உக்கார வச்சு ஊட்டி விட்டேன்.

இனிமே கவலப்படாத. ஆள் அனுப்பிருவாங்க. நான் தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

உன் அண்ணன்.


மார்ச் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை உங்களைத் திட்டினேன். மூன்றாவது முறை தையல் மிஷினிலேயே தலையை வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் வந்து காய்ச்சலா என்று கேட்டார்.

அது பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை, அண்ணே. தம்பிக்கு எத்தனை காரியம் தெரியாதோ அத்தனை மணி நேரத்துக்கு ஆள் அனுப்புவார்கள். பத்துக்குக் கீழே வாங்கியிருந்தால் பகல் முழுக்க ஒருவர் வீட்டிலேயே இருப்பார். நீங்கள் படுத்திருக்கும்போது குளிப்பாட்டி, சோறு போட்டு, எல்லாம் பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் பதினான்கு மாதம் மனு மேல் மனுவாக எழுதினேன்.

நிலையத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"உங்க தம்பி ரொம்ப நல்லா இருக்காருங்க. எங்க பட்டியல்லயே இவ்வளவு மார்க்கு யாருமில்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆள் வருவாங்க, செவ்வாய்க்கிழமை" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நீங்கள் எதிரில் உட்காராவிட்டால் அவன் தட்டைத் தொடமாட்டான். இதை அவளிடம் சொன்னீர்களா? குளிக்க வைக்க ஒவ்வொரு நாளும் எத்தனை பாட்டுப் பாடுகிறீர்கள், அதைச் சொன்னீர்களா?

சொல்லியிருக்கமாட்டீர்கள். வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டால் நம் குறையை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் உங்கள் வழக்கம்.

தங்கை.


மார்ச் 19

பாப்பாவுக்கு அண்ணன்.

திட்டினது சரி. வாங்கிக்கிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஒருத்தி வந்து உக்காந்து, உன் தம்பிக்கு இது தெரியுமா, அது தெரியுமான்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கறா. அவன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். அந்த நேரத்துல எந்த அண்ணன் "தெரியாது தெரியாது"ன்னு நாப்பது வாட்டி சொல்லுவான்? உனக்குப் படிப்பிருக்கு, நீ சொல்லிருவ. எனக்கு நாக்கு வரல.

இன்னொண்ணு. முப்பத்தாறுன்னு கேட்டப்ப அவனுக்கும் என்னமோ புரிஞ்சுது. கை கட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து நின்னான் பாரு, ஒரு நிப்பு.

நிலையத்துக்கு நேர்ல போனேன். சைக்கிள்ல போனா உருண்டை வெளிய வந்துருதுன்னு நடந்தே போனேன். பாதி வழியில ஒருத்தன், "என்ன சைக்கிள் கடைக்காரரே நடந்து போறீரு, உம்ம கடையில ரிப்பேருக்கு விட்டீரா, திரும்பக் கெடைக்கலையா"ங்கிறான். இவனுக்கு ரெண்டு வருசமா பின் சக்கரம் கோணல், நிமித்தக் கொண்டு வான்னா வரமாட்டான், வாய் மட்டும் நேரா இருக்கு. சரி, அத விடு.

நிலையத்துல பெரிய மேடம் ஒண்ணு இருந்துச்சு. "மேடம், நான் பொய் சொல்லிட்டேன், அவனுக்கு ஒண்ணும் வராது"ன்னேன்.

அது காகிதத்தப் புரட்டிப் பாத்துச்சு. "இப்பச் சொல்றது பொய்யா, அப்பச் சொன்னது பொய்யா?"ன்னு கேட்டுச்சு.

அடுத்த கணக்கெடுப்பு ஒரு வருசம் கழிச்சுத்தானாம். நடுவுல வேணும்னா வீட்டுக்காரங்க எழுத்துல ஆட்சேபம் குடுக்கணுமாம், அப்பத்தான் அதிகாரி ஒருத்தர் நேர்ல வந்து பாப்பாராம். அத நீ எழுது. நான் எழுதுனா அதுக்கும் ஒரு ஆட்சேபம் வரும்.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்தாரு. நல்ல மனுசன், பாவம். ஒரு மணி நேரம் உக்காந்தாரு. மேஸ்திரி அவருக்கு டீ போட்டுக் குடுத்தான். அதையும் அவரு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.


மார்ச் 30

அண்ணனுக்கு,

ஆட்சேபம் அனுப்பிவிட்டேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி வருவார்.

நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். அவர் வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று வெளியே போய்விடுங்கள். ஒரு மணி நேரம் திரும்பி வராதீர்கள். தட்டாதீர்கள், கனைக்காதீர்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் இல்லாமல் தம்பி எப்படி இருப்பான் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய சாட்சி நம்மிடம் இல்லை.

இப்படி எழுதுவதற்கு எனக்கு மட்டும் நாக்கு வருகிறது என்று நினைக்கிறீர்கள். மனுவில், "என் தம்பியால் தனியாக எதுவும் செய்ய இயலாது" என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிக்கு நான்கு காகிதம் கிழித்தேன்.

லீவு கேட்டிருக்கிறேன். ஆர்டர் அவசரம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள். அப்படி எழுத எனக்கும் தைரியமில்லை.

தங்கை.


ஏப்ரல் 16

பாப்பாவுக்கு அண்ணன்.

நீ சொன்னபடிதான் செஞ்சேன். ஒண்ணே ஒண்ணு தவிர. அதயும் சொல்றேன், பொறுமையா படி.

அதிகாரி பத்து மணிக்கு வந்தாரு. உசரமான ஆளு, நம்ம நிலைப்படிக்குத் தலையக் குனிஞ்சாரு, அதுலயே ஒரு மரியாதை வந்துருச்சு எனக்கு. "உக்காருங்க சார், ஒரு வேலையா போயிட்டு வந்துர்றேன்"னு வெளிய வந்துட்டேன். மேஸ்திரி என் பின்னாடியே வாசல் வரைக்கும் வந்தான். "உக்காருடா"ன்னேன். உக்காந்தான்.

எங்க போறது? எதுத்த சலூனுக்குப் போனேன். அங்க நாற்காலியில உக்காந்தா கண்ணாடியில நம்ம வாசலும் உள்பக்கமும் தெரியும். ஜன்னல்ல பாக்காதன்னுதான் நீ எழுதியிருந்த, கண்ணாடியப் பத்தி எழுதல.

"உனக்கு வெட்ட என்னண்ணே இருக்கு? நான் என்ன காத்தையா வெட்டுறது?"ங்கிறான் சலூன்காரன்.

"சும்மா கத்திரியச் சத்தம் போடுப்பா. துணியப் போத்து."

கண்ணாடியில பாக்கறேன். அதிகாரி என்னமோ கேக்கறாரு. மேஸ்திரி முக்காலியில உக்காந்து தரையப் பாக்கறான். சட்டையக் கையில குடுக்கறாரு, வாங்கி மடியில வச்சுக்கிட்டான். டம்ளர நீட்டுறாரு, தொடல. அரை மணி நேரம் அப்படியே. கடவுளே, இவன் இப்படியே இருக்கணும், ஒண்ணும் செஞ்சிறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். பாப்பா, அவன் பொறந்த நாள்லேருந்து ஏதாச்சும் ஒண்ணு செஞ்சிற மாட்டானான்னு வேண்டினவன் நான்.

அப்புறம் அவன் எழுந்தான். வாசலுக்கு வந்தான். இடது பக்கம் பாத்தான், வலது பக்கம் பாத்தான். வண்டி வருதான்னு பாக்கல, என்னத் தேடுறான். எறங்கி நடுரோட்டுக்கு வந்து நின்னுட்டான். அந்தப் பக்கம் ஒரு லாரி.

போத்துன துணியோட ஓடினேன். ஆனா எனக்கு முன்னாடியே கத்திரியோட சலூன்காரன் ஓடிட்டான். காய்கறிக்கடை அக்கா முறத்தப் போட்டுட்டு வந்து அவன் கையப் புடிச்சுருச்சு. பக்கத்துக் கடை டெய்லர் லாரிக்குக் குறுக்க கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான். லாரிக்காரன் எங்க எல்லாரையும் ஒரு திட்டு திட்டிட்டுப் போனான். மேஸ்திரிக்கு ஒண்ணுமில்ல. என்னப் பாத்ததும் கையப் பின்னால கட்டிக்கிட்டான்.

அதிகாரி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வாசல்ல நின்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு.

அவரு சலூன்காரன்கிட்டக் கேட்டாரு. "எப்பவும் நீங்கள்லாம் இப்படித்தான் பாத்துக்குவீங்களா?"

இவன் நெஞ்ச நிமித்திக்கிட்டான். "பின்ன என்ன சார்? இந்தத் தெருவுக்கே அவன்தான் மேஸ்திரி. நாங்க விட்டுருவோமா?"

"எம் புள்ள மாதிரிங்க அவன்"னு காய்கறிக்கடை அக்கா கண்ணத் தொடச்சுக்கிச்சு.

நான் அவங்க பின்னாடி நின்னு கண்ணக் காட்டுறேன், தலைய ஆட்டுறேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் அந்தப் பொண்ணுகிட்டப் பேசின மாதிரியே பேசிக்கிட்டு நிக்கிறாங்க பாப்பா. வாய்க்கு வாய் பாசம். அவரு எழுதிக்கிட்டே இருக்காரு.

காகிதம் இன்னிக்கு வந்துருச்சு. டெய்லர்தான் படிச்சுச் சொன்னான். "அக்கம்பக்கத்தினரின் ஆதரவு மிகச் சிறப்பாக உள்ளது. கூடுதல் ஆள் தேவைப்படவில்லை." படிச்சுட்டு அவன் காகிதத்த மடிச்சு மடிச்சு இத்துனூண்டு ஆக்கிட்டான்.

சாயங்காலம் சலூன்காரன்கிட்டக் கேட்டேன். "ஏம்ப்பா, ஒன்றரை மாசம் மேஸ்திரிய உன் வீட்டுல வச்சுக்குவியா?"

அவன் சீப்புல இருந்த முடிய ஒண்ணொண்ணா எடுத்தான். "ஒரு நாள் ரெண்டு நாள்னா தலைமேல வச்சுப் பாப்பேண்ணே. ஒரே ரூமு, நாலு புள்ளைங்க. குளிப்பாட்டணும், கழுவணும். எப்படிண்ணே?"

அவன் மேல தப்பில்ல. அந்த அக்காகிட்டக் கேக்கவே இல்ல. கேட்டா அது மொகம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.


ஏப்ரல் 28

அண்ணனுக்கு,

சலூன்காரர் ஆஸ்டல் வார்டனுக்குப் போன் செய்தார். நீங்கள் ஒரு டயருக்குக் காற்றடிக்கும்போது விழுந்துவிட்டீர்களாம். கட்டி கல் போல இறுகி, வாந்தி எடுத்து, டாக்டர் படுக்க வைத்து உள்ளே தள்ளினாராம். அடுத்த முறை இப்படி இறுகினால் குடல் அழுகிவிடும், மணிக்கணக்கில் உயிர் போய்விடும் என்று சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டு அதே டாக்டரிடம் ஆபரேஷனை ஆகஸ்டுக்குத் தள்ளச் சொன்னீர்களாம்.

இதைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பெரிய இல்லத்துக்கு எழுதிக் கேட்டேன். ஆமாம், தம்பியைப் போன்றவர்கள் இருநூறு பேர் இருக்கும் அதே இல்லம்தான். எந்தக் காலத்திலும் அவனை அங்கே விடமாட்டோம் என்று நீங்களும் நானும் அம்மா தலைமாட்டில் நின்று சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு படுக்கை தருகிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முப்பது நாளுக்கு மேல் ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் நிலையத்துப் பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்வதென்றால் முதலிலிருந்து மனு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரமும் போய்விடும். உங்களால் முன்பு போலத் தூக்கி இறக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியாது. அப்படியானால் நாற்பத்தைந்து நாள் எப்போது முடியும் என்று நானும் சொல்ல முடியாது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீங்கள் மே பத்தாம் தேதியே ஆபரேஷனுக்குப் போங்கள். என்னைத் திட்டுங்கள். உயிரோடு இருந்து திட்டுங்கள். மே பதினொன்றாம் தேதியிலிருந்து நான்கு நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள், வருகிறேன்.

தங்கை.


மே 10

பாப்பாவுக்கு அண்ணன்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். பச்சை அங்கி ஒண்ணு போட்டு விட்டுருக்காங்க, பின்னால மூடல, அதனால எழுந்து நடக்க முடியாது, எழுதத்தான் முடியும். பக்கத்துல ஒரு பெரிசு, அதுக்கும் குடலிறக்கந்தான். "உமக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டுச்சு. வலதுன்னேன். "எனக்கு எடது. சேந்து நின்னா ஒரு முழு ஆளு தேறும்"னுச்சு. சிரிச்சேன், வலிச்சுது. இந்தக் கடுதாசிய சலூன்காரன்கிட்டக் குடுத்துருவேன். நாளைக்கு நீ பஸ்ஸ விட்டு எறங்குனதும் குடுப்பான்.

உன்னத் திட்ட மாட்டேன். வேற வழி இருந்தா நீயும் போட்டிருக்க மாட்ட.

முந்தாநாள் அவனக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. பஸ்ஸுல ரொம்ப நல்லா வந்தான். பெரிய கேட்டு, உள்ள நீளமா ஒரு கட்டடம், சுத்தமாத்தான் இருக்கு. குறை சொல்ல மாட்டேன். ஆபீசுல ஒரு அம்மா உக்காந்து காகிதத்த எடுத்துச்சு. அதே நாப்பது கேள்வி பாப்பா. ஒண்ணு மாறல.

இந்தத் தடவ தப்புப் பண்ணக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் போனேன். தெரியும்னு சொல்லிட்டா தனியா விட்டுருவாங்க, இருநூறு பேருல இவன யாரு பாப்பான்?

"தானாச் சாப்பிடுவாரா?"

"தெரியாதுங்க."

"சட்டை போட?"

"தெரியாதுங்க."

என்னத் திரும்பிப் பாத்தான். நான் மேசையப் பாத்தேன். அஞ்சு, ஆறு கேள்வி போச்சு. ஏழாவதுக்கு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் சொல்லிட்டான். "தெரியாது."

அந்த அம்மா நிமிந்து பாத்துச்சு. எட்டாவது கேட்டுச்சு. "தெரியாது"ன்னான். சொல்லிட்டு என்னப் பாத்தான், சரியாச் சொன்னனான்னு. பாடம் நடத்தறப்ப பாப்பானே, அதே பார்வை. நான் என்ன பண்ண? தலைய ஆட்டினேன். அவ்வளவுதான், அவனுக்கு மொகமெல்லாம் வெளிச்சம். நிமிந்து உக்காந்து நாப்பது வரைக்கும் அவனே சொன்னான். ஒரு நாள்ல அத்தன வார்த்தை அவன் பேசி நான் பாத்ததே இல்ல.

"நல்லா ஒத்துழைக்கிறாரே"ன்னுச்சு அந்த அம்மா.

ஒரு ஆயாம்மா வந்து அவன் கையப் புடிச்சுது. தங்கமான பொம்பள, குரல் அப்படி. "வாப்பா, உள்ள போலாமா?"ன்னுச்சு. "தெரியாது"ன்னான். "உன் பேரென்ன சாமி?" "தெரியாது." "இது யாரு, உங்க அண்ணனா?"

அதுக்கும் அதயேதான் சொன்னான் பாப்பா. சொல்லிட்டு என்னப் பாத்தான், தலைய ஆட்டுவேன்னு.

உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. முப்பது நாளுக்குள்ள எழுந்துருவேன்னு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன். அவரு சரின்னும் சொல்லல, சிரிக்கவும் இல்ல. எல்லாரும் நல்லவங்கதான் பாப்பா. அந்தப் பொண்ணு, அந்த அதிகாரி, தெருக்காரங்க, இந்த ஆயாம்மா. யாரத் திட்டறதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒருத்தரும் சிக்கல.

நாளைக்கு நீ என்னப் பாக்க வர வேண்டாம். நான் மயக்கத்துல கெடப்பேன், பேசுனாலும் ஒளறுவேன். நேரா அவன்கிட்டப் போ. போயி அவன எதுவும் கேக்காத, என்ன கேட்டாலும் அதயேதான் சொல்லுவான், நீ யாருன்னு கேட்டாலும். கேக்காம, சும்மா பக்கத்துல உக்காரு. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா சொல்லு, அண்ணன் அன்னிக்கு மேசையில சொன்னதெல்லாம்

கூப்பிடுறாங்க. நான்தான் போல. இந்தா வந்துட்டேன்மா, ஒரு வரிதான், அண்ணன் சொன்னதெல்லாம் வந்து